தும்மினால் விழுகிற பிள்ளை

"ரெண்டாவதுதானே தாயி? தும்மினா விழுந்துடும்."

இதை முதன்முதலில் சொன்ன மகராசி யாரோ தெரியாது. அகப்பட்டால், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கின ராகிக்களியை உருட்டி அவள் வாயில் வைத்து அடைக்க வேண்டும் என்று சௌபாக்யா மாதக்கணக்கில் காத்திருந்தாள். ஹொன்னேனஹள்ளியில் அவள் வயிற்றைப் பார்த்தவர்களில் இதைச் சொல்லாமல் போனவர் ஒருவர் இல்லை. பால் ஊற்ற வந்தவள் சொன்னாள். ரேஷன் கடை வரிசையில் நின்றவள் சொன்னாள். ஆண்பிள்ளைகள்கூடச் சொன்னார்கள், அதுதான் தாங்கவில்லை. கரும்பு வெட்ட வந்த மேஸ்திரி மீசையை முறுக்கிக்கொண்டு, என்னமோ நாலைந்து பெற்றுப் போட்டவன் மாதிரி, "பயப்படாதீங்கக்கா, ரெண்டாவது தும்மினா விழும்" என்றான். 'நீ முதல்ல தும்மிப் பாருடா' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

தலைப்பிரசவத்தில் அவளுக்கு நடந்த ராஜ மரியாதை என்ன! அம்மா வீட்டிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். மணையில் உட்காரவைத்து, தேங்காயும் வெற்றிலையும் பூவுமாக மடியை நிரப்பி, கை கொள்ளாமல் பச்சை வளையல் அடுக்கி, கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேனில் ஏறும்போது மாமியார் புட்டதாயம்மா, "பள்ளத்துல மெதுவா விடுப்பா, உள்ள பிள்ளை இருக்கு" என்று டிரைவரை அதட்டினாள். அதே புட்டதாயம்மாதான் இந்த முறை எட்டாம் மாத வயிற்றோடு இருந்தவளைப் பார்த்து, "கரும்பாலையில ஆளுக்குச் சாப்பாடு நேரமாச்சு, களியைக் கொஞ்சம் இறுக்கிக் கிண்டு" என்றாள்.

அந்த முதல் பிரசவம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அம்மா நிங்கம்மாவுக்கு ஒரே மகள், அதனால் பயம். சௌபாக்யாவுக்கு வயிற்றில் காற்று புரண்டாலும் வலி என்று நினைத்து ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிடுவாள். முதல் தடவை போனபோது நர்ஸ் பார்த்துவிட்டு, "இது வெறும் வாயுதாம்மா, வீட்டுக்குப் போய் ஓமத் தண்ணி குடி" என்று அனுப்பினாள். இரண்டாம் தடவை, "இன்னும் நேரமிருக்கு, வீட்டைச் சுத்தி நட" என்று திருப்பினாள். மூன்றாம் தடவை ஏறினபோது அந்த டிரைவர் பையன், "அக்கா, மாசப் பாஸ் எடுத்துடுங்க, உங்களுக்கு லாபம்" என்றான். மூன்றாவதுதான் நிஜ வலி. அதுவும் ஒரு சாயங்காலம் ஆரம்பித்து மறுநாள் விளக்கு வைக்கிற வரைக்கும் இழுத்தது. மகள் இஞ்சரா பிறப்பதற்குள் வராண்டாவில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் இரண்டு வேளை சாப்பிட்டுக் கைகழுவி விட்டார்கள்.

அன்றிலிருந்து அம்மா ஊரில் அவள் பெயர் 'ஆம்புலன்ஸ் பாக்யா'. ஊரோடு போயிருக்க வேண்டிய பெயரைப் புருஷன் சித்தராஜு பெரிய சீதனம் மாதிரி ஹொன்னேனஹள்ளிக்குக் கொண்டுவந்தான். ஆலையில் வெல்லம் காய்ச்சுகிற நேரமெல்லாம் இதே கதை. மாசப் பாஸ் என்ற இடம் வந்ததும் ஆட்கள் கரும்புச் சக்கையில் விழுந்து புரண்டு சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள். சிரித்தது தப்பு என்று பிறகு தெரிந்தது.

வலி எப்படியோ போகட்டும், அதற்குப் பிறகு, பிள்ளை பெற்றவளுக்கென்று நடந்த பாணந்தி கவனிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கில் நீர் ஊறும். மூன்று மாதம் கதகதப்பான அறை. காதைச் சுற்றித் துணிக் கட்டு. நாட்டுக்கோழியும் மிளகும் போட்ட சாறு, பூண்டு வறுவல், சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை. நிங்கம்மா கொதிக்கக் கொதிக்க வெந்நீரை முதுகில் அடித்து ஊற்றுவாள். அப்போது, "என்னைக் கோழி மாதிரி உரிக்கிறியா அவ்வா?" என்று கத்தினாள் சௌபாக்யா. அந்த வெந்நீருக்கு இப்போது முதுகு ஏங்கியது.

"முதல் பிள்ளை அவங்க வீட்டுல, ரெண்டாவது நம்ம வீட்டுல. அது முறை" என்றாள் புட்டதாயம்மா. நிங்கம்மா வந்து திண்டாடி நின்றாள். "முறையை நான் மாத்த முடியுமா மகளே? அவங்க வீட்டுப் பிள்ளை" என்று சொல்லி, மிளகுப்பொடி டப்பாவை மட்டும் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். வளையல் இல்லை, மடி நிரப்புதல் இல்லை. இரண்டாவதுக்கு யார் அதெல்லாம் செய்கிறார்கள்?

அதுவும் கரும்பு ஆட்டுகிற காலத்தில் மாதம் நிறைந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே அவர்களுடைய ஆலை. ஒரு பக்கம் இயந்திரத்தில் கரும்பு நசுங்கும், மறுபக்கம் பெரிய கொப்பரையில் சாறு கொதிக்கும். மாமனார் காலமானதிலிருந்து பாகு பதம் பார்க்கிற வேலை சித்தராஜுவுடையது. அவன் கரண்டியால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, 'இறக்கு' என்றால் உடனே இறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் வெல்லம் அச்சில் நிற்காமல் இளகும், பிந்தினால் கறுத்துக் கசந்துபோகும். அந்த நேரத்தில் சாமியே வந்து கூப்பிட்டாலும் அவன் திரும்ப மாட்டான் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். சாமியைத்தானே சொன்னார்கள், பெண்டாட்டியையும் சேர்த்துத்தான் என்று சௌபாக்யா அதுவரை யோசித்ததில்லை.

அன்று காலை, இஞ்சராவை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்து களி கிண்டிக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே ஒரு பிடி பிடித்தது. முதல் தடவை மாதிரி எங்கேயோ தொடங்கி, சுற்றி வளைத்து, வரலாமா வேண்டாமா என்று யோசித்து வந்த வலி இல்லை இது. வாசல் கதவை உதைத்துக்கொண்டு நேரே உள்ளே வந்தது. கிண்டுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது விட்டதும் மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தியின் உடம்புக்குத் தெரியாததா?

புட்டதாயம்மா கொப்பரை ஓரத்தில் நுரையை வழித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எனக்கு வலி எடுத்துடுச்சு. கிளம்பணும்."

"எப்ப இருந்து?"

"இப்பத்தான்."

"இப்பத்தானா!" புட்டதாயம்மா திரும்பக்கூட இல்லை. "முதலுக்கு ஒரு நாள் முழுக்க ஆச்சேடி உனக்கு. இப்பவே போனா அவங்க திருப்பித்தான் அனுப்புவாங்க. இந்தக் கொப்பரை இறங்கட்டும், ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்."

"இது அந்த மாதிரி இல்லை அத்தை."

"எல்லாருக்கும் அப்படித்தான் தோணும் தாயி."

அவளுக்குச் சுருக்கென்று வந்தது. "சுலபமா பிறக்கும், தும்மினா விழும்னும் நீங்கதான் சொன்னீங்க. நேரமாகும், உட்காருன்னும் நீங்கதான் சொல்றீங்க. ரெண்டுல எது நிஜம்? எனக்கு வேலை வைக்கணும்னா சுலபம், உங்க வேலை கெடும்னா நேரமாகுமா?"

"பாருடா உன் பெண்டாட்டி வாயை! வலி எடுத்தவ பேசுற பேச்சா இது?" என்று புட்டதாயம்மா மகனைப் பார்த்துச் சொன்னாள். கரண்டியும் கையுமாக நின்ற சித்தராஜு சிரித்தான். "பாஸ் எடுத்துட்டியா பாக்யா?" என்றான். நெருப்புக்குச் சக்கை தள்ளிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். "கோவிச்சுக்காதே. வண்டியில பாதி வெல்லம் ஏத்தியிருக்கு. இந்தப் பாகு இறங்கின உடனே இறக்கி வெச்சுட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

வீட்டுக்குள் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா நம்புவாள். உலகமே சிரித்தாலும் பெற்றவள் நம்புவாள்.

"அவ்வா, எனக்கு வந்துடுச்சு."

"ஐயோ, அவசரப்பட்டுடாதே மகளே!" என்றாள் நிங்கம்மா. "அன்னிக்கு என்னால எத்தனை தடவை அலைஞ்சே! ஊரே சிரிச்சுது. சீக்கிரம் போய்ப் படுத்தா வயித்தைக் கிழிச்சுடுவாங்க. நல்லா வரட்டும். மாமியா சொல்றபடி கேளு."

போனை வைத்தாள். ஆம்புலன்ஸ் எண் அவளுக்கு மனப்பாடம், எப்படி மறக்கும்? விரலை வைத்தாள். வண்டி வந்து, தெருவே கூடி, ஆஸ்பத்திரியில் அதே மாதிரி 'வீட்டைச் சுத்தி நட' என்று அனுப்பிவிட்டால்? ஹொன்னேனஹள்ளியில் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. மாமியாரும், புருஷனும், பெற்ற தாயும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, ஒருவேளை நான்தான் தப்போ என்று ஒரு நினைப்பு வந்தது. பாவி அந்த நினைப்புக்கு இடம் கொடுத்தாள். விரலை எடுத்துவிட்டாள்.

வெளியே வந்து சக்கைப் போரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொப்பரையில் பாகு கொழகொழவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. பல்லைக் கடித்தாள். அடுத்த வலியில் பனிக்குடம் உடைந்து புடவை நனைந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள். இயந்திரச் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. இன்னொரு தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "ஏங்க! வந்துடுச்சுங்க!"

சித்தராஜு நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். நனைந்த புடவையைப் பார்த்தான். அப்புறம் கொப்பரையைப் பார்த்தான். பாகு சரியாகப் பதத்தில் நின்றது. "இறக்கு, இறக்கு!" என்று ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, அது தொட்டியில் சாய்கிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் ஓடிவந்தான். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வெற்றிலை மடிக்கிற நேரம் இருக்குமா? அந்த நேரத்தை அவள் சாகிற வரைக்கும் மறக்கப்போவதில்லை.

வெல்ல மூட்டைகளைக் கீழே தள்ளி, சரக்கு ஆட்டோவில் சக்கையைப் பரப்பி, மேலே சாக்கு விரித்து ஏற்றினார்கள். புட்டதாயம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே தாவி ஏறினாள். ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. கால்வாய்ப் பாலத்தில் வண்டி ஏறி இறங்கினபோது தலை வெளியே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒன்று மட்டும் சௌபாக்யாவுக்கு விநோதமாக இருந்தது. கிழவி பதறவில்லை. வெல்லப் பிசுபிசுப்போடு இருந்த கையை முந்தானையில் ஒரு துடை துடைத்தாள். பிள்ளையை வழுக்காமல் வாங்கினாள். சுண்டுவிரலால் வாயை வழித்தாள், முதுகில் தேய்த்தாள், அழவைத்தாள். தொப்புள்கொடியைத் தொடாமல் அப்படியே தாயின் மார்பில் படுக்கவைத்து, அவிழ்த்த முந்தானையால் இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றினாள். "பையன். வண்டியை நிறுத்தாதேடா, மெதுவா ஓட்டு" என்றாள். ஏதோ தினமும் செய்கிற வேலை போலச் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "ரெண்டாவது வேகமா வரும்னு தெரியாது? வலி எடுத்ததும் கிளம்ப வேண்டாமா? படிச்ச பொண்ணுதானே நீ?"

சௌபாக்யா வாயைத் திறப்பதற்குள் புட்டதாயம்மா முந்திக்கொண்டாள். "எங்கேம்மா, இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு என்ன தெரியுது!" என்று பெருமூச்சு விட்டாள். தையல் போட்டுக்கொண்டிருந்த நேரம், இல்லாவிட்டால் சௌபாக்யா எழுந்தே போயிருப்பாள்.

கிழிந்த இடத்தில் தையல், கூடவே பால் கட்டி ஜுரம். முதல் தடவை அவளுடைய தையலை விசாரிக்காத சொந்தக்காரி இல்லை. இந்தத் தடவை வந்தவர்கள் எல்லாரும் வண்டியையும் பாலத்தையும்தான் விசாரித்தார்கள். புட்டதாயம்மாவுக்கோ சொல்லி மாளவில்லை. "பூ மாதிரி விழுந்தான். அவங்க வீட்டுல ஒரு நாள் பாடு பட்டா, நம்ம வீட்டுல பாலம் தாண்டுறதுக்குள்ள ஆச்சு பாருங்க." கஷ்டப்படாமல் பெற்றவளுக்கு எதற்கு மூன்று மாத ஓய்வு என்று அதிலிருந்தே ஒரு முடிவும் வந்தது. நாமகரணம் முடிந்த மறுநாள் அவள் அடுப்படிக்கு வர வேண்டும், ஆலை ஆட்களுக்குக் களி கிண்ட வேண்டும்.

புருஷனிடம் சண்டை பிடித்தாள். சுவரோடு பிடித்திருக்கலாம்.

"நீ முதல் தடவை மாதிரி ஊரைக் கூட்டியிருந்தா நான் ஓடி வந்திருப்பேன்ல?" என்றான் சித்தராஜு.

"கத்தினேன். ரெண்டு தடவை கத்தினேன்."

"சரி விடு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே. அன்னிக்கு இறங்கின வெல்லம் இருக்கே, இந்த வருஷத்துலேயே அதுதான் பதம். ஒரு மூட்டை தனியா எடுத்து வெச்சிருக்கேன், நாமகரணத்துக்குக் கொடுக்கலாம்னு."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இவனிடம் என்னத்தைச் சொல்வது?

நாமகரணத்தன்று கூடம் நிறையப் பெண்கள். நிங்கம்மாவும் கோழியும் பூண்டுமாக வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தொட்டிலில் பிள்ளை. பக்கத்தில் காதுக் கட்டோடு சௌபாக்யா. பெயர் வைத்து முடிந்ததும் புட்டதாயம்மா வெல்லத் தட்டை நீட்டிக்கொண்டே கதையை ஆரம்பித்தாள். "எடுத்துக்குங்க, இவன் பிறந்தப்ப கொப்பரையில இருந்த வெல்லம். நான் நுரை வழிச்சுக்கிட்டு இருக்கேன், இவ வந்து வலிங்கிறா. அப்புறம் என்ன, தும்மினா விழுந்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் தும்மலை" என்றாள் சௌபாக்யா.

சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் தும்மலை அத்தை. கத்தினேன். வந்துடுச்சுன்னு சொன்னேன், யாரும் நம்பலை. முதல்ல ஒரு நாள் முழுக்கப் பட்ட வலி அத்தனையும் இந்தத் தடவை மொத்தமா ஒரே மூச்சுல வந்துது. நேரம்தான் கம்மி. வலி கம்மி இல்லை. மூச்சு விடக்கூட அது விடலை. சாக்குல படுத்துக்கிட்டு, பாலத்துல தூக்கிப் போடுறப்ப, பிள்ளை கீழே விழுந்து செத்துடுமோன்னு காலை இறுக்கிக்கிட்டுக் கிடந்தேன். அதைப் பூ மாதிரின்னு நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க!"

"சும்மா இரு மகளே, பெரியவங்க" என்று நிங்கம்மா கையை அமுக்கினாள்.

"நீயும்தான் அவ்வா! உனக்குத்தானே முதல்ல போன் போட்டேன்?"

நிங்கம்மா கையை எடுத்துக்கொண்டாள். பேச்சை மாற்றலாம் என்று நினைத்தோ என்னவோ, பக்கத்து வீட்டுக்காரி, "அதுசரி புட்டதாயி, ஓடுற வண்டியில பதறாம பிள்ளையை எடுத்தியாமே. உனக்கு எப்படிக் கை வந்தது?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன புதுசா?" என்றாள் புட்டதாயம்மா. தட்டு அவள் கையிலேயே இருந்தது. "என் ரெண்டாவதை நானேதானே எடுத்தேன்."

"யாரு, சித்தராஜுவையா?"

"பின்னே? கரும்புத் தோட்டத்துல. வலி எடுத்துடுச்சுன்னு மாமியாகிட்டச் சொன்னேன். மூத்தவனுக்கு ரெண்டு நாள் ஆச்சே, இந்த வரிசையை வெட்டி முடிச்சுட்டு வான்னா. வரிசை முடியலை. வாய்க்கால் ஓரத்துல உட்கார்ந்தேன். யாரும் இல்லை. நானே வாங்கினேன், நானே வாயை வழிச்சேன். முந்தானையில சுத்திக்கிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். வாசல்ல என் மாமியா பார்த்துட்டு, அட, தும்மினா விழுந்துட்டானான்னு சிரிச்சா."

சௌபாக்யாவுக்குக் காதுக் கட்டுக்குள் குப்பென்று சூடேறியது. "தெரிஞ்சுமா அத்தை? உங்களுக்கே நடந்திருக்கு. தெரிஞ்சுமா என்னைச் சக்கையில உட்கார வெச்சீங்க?"

"தெரிஞ்சா உட்கார வெப்பனாடி?" கிழவியின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "அவ அப்படிச் சொன்னா. ஊரும் அப்படியே சொல்லுச்சு. சுலபமா பெத்தவ, சுலபமா பெத்தவன்னு சொல்லிச் சொல்லி, நானும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன். உன்னை மாதிரி கூடத்துல உட்கார்ந்து கத்த எனக்கு வாய் ஏது? இத்தனை வருஷத்துல வலிச்சுதான்னு ஒரு ஆளு கேட்டதில்லை. கேட்டாத்தானே தாயி நினைப்புல நிக்கும்?"

சௌபாக்யாவின் வாயில் இன்னும் நாலு வார்த்தை தயாராக இருந்தது. மாதக்கணக்கில் சேர்த்துவைத்த வார்த்தை. எதிரில் நின்ற மாமியாரைப் பார்த்து அது ஒன்றும் வெளியே வரவில்லை. வராததிலும் ஒரு எரிச்சல். சண்டை போடுவதற்குக்கூட இந்த வீட்டில் சரியான ஆள் கிடைக்காது போலிருந்தது. தொட்டில் கயிற்றைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

பிறகு கேட்டாள். "வலிச்சுதா அத்தை?"

புட்டதாயம்மா தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே இன்னொரு தட்டு வெல்லத்தோடு நுழைந்த சித்தராஜு, இத்தனை பெண்களும் ஏன் வாயை மூடிக்கொண்டு தன்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"உயிரே போச்சு தாயி" என்றாள் புட்டதாயம்மா. "இதோ நிக்கிறானே, இவனுக்காகத்தான். என்னிக்காவது கேட்டிருக்கானான்னு கேளு."